கையால் சுற்றிய கரண்டு

திருவிதாங்கூரிலேயே மின்சாரத்தை நம்பாத ஒரே மின்சார வைத்தியர் எங்கள் கரண்டு ஆசான்தான். இரணியல் பக்கத்தில் வர்மம் பார்க்கிற பரம்பரை. யுத்தம் முடிந்து பட்டாளத்திலிருந்து வந்தபோது, கைப்பிடியைச் சுற்றினால் கரண்டு பிறக்கிற ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்திருந்தார். அதிலிருந்து இரண்டு கம்பி, நுனியில் இரண்டு பித்தளை வில்லை.

தெருவில் கம்பம் நட்டு விளக்கு எரிய ஆரம்பித்த பிறகும் அந்தக் கரண்டை அவர் தொடவில்லை.

"அது மலையில தண்ணி விழுந்து உண்டாவுற கரண்டுவே. சுத்த சீதளம். நரம்புல ஏத்தினா சளி கட்டிக்கிடும். கையால சுத்துனாத்தான் சூடு" என்பார்.

எனக்கு அப்போது மூன்று மாதமாக உறக்கம் கிடையாது. தக்கலையில் பத்திரம் நகலெடுக்கும் குமாஸ்தா வேலை. கண்ணெரிச்சலில் ஒருநாள், நிலம் விற்க வந்து எதிரில் நின்ற மனிதரையே 'காலஞ்சென்ற' என்று எழுதிவிட்டேன். அவர் போட்ட கூச்சலில் மேலதிகாரி அறையை விட்டு ஓடிவந்தார். இன்னொரு பிழை வந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். என் வேலையை நம்பி வீட்டில் என்னையும் சேர்த்து ஆறு வயிறு. ஆசானிடம் ஓடினேன்.

வர்ம இடத்தை யாருக்கும் காட்டக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். ஆகவே என் தலையைத் துவர்த்துத் துண்டால் மூடி, உள்ளே கையை விட்டு, பிடரியில் எங்கோ வில்லைகளை வைத்துக் கட்டிச் சுற்றினார். பற்கள் தனித்தனியாக ஆடின. அதற்குப் பிறகு இரண்டு நாள் அரைக்கண்கூட மூடவில்லை.

செய்தி கேட்டு, மூன்றாம் நாள் மத்தியானம் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு ஆசானே ஆபீஸுக்கு வந்துவிட்டார்.

"தப்பு எனக்க பேருலதான் மக்கா. பழக்கதோஷம். அடிபட்டு மயங்கினவன எழுப்புற எடத்துல வச்சிட்டேன்" என்றார், அத்தனை பேர் முன்னாலும். தப்பை ஒப்புக்கொண்ட ஆசானை நான் அதுவரை பார்த்ததில்லை.

சாப்பாட்டு நேரமாக இருந்ததால், அங்கேயே ஒரு பெஞ்சில் என்னைக் கிடத்தி, துவர்த்தைப் போட்டு, இம்முறை எறும்பு ஊர்கிற மாதிரி மெல்லச் சுற்றினார். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது. மீதி, கூட வேலைபார்த்த செல்லப்பன் சொன்னது.

சாப்பாட்டு நேரம் முடிந்து மேலதிகாரி உள்ளே வந்தபோது நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேனாம். என் வேலை போச்சு என்றே செல்லப்பன் நினைத்தானாம். ஆசானோ சுற்றுவதை நிறுத்தாமல் உதட்டில் விரல் வைத்திருக்கிறார்.

"சாரே, சத்தம் காட்டப்பிடாது. பாதியில எழுப்பினா நரம்பு பிசகி ஆளு தீந்துபோவான். பழி இந்த ஆபீஸுக்குல்லா வரும்?"

"எவ்வளவு நேரம் ஓய் ஆகும்?"

"அவனா முழிக்கணும் சாரே. அதுவரை நானும் நிறுத்தப்பிடாது."

பச்சைப் பொய். ஆனால் அதிகாரி பயந்துபோய் எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு வைத்திருந்த பத்திரங்களையும் அவரே எழுதினாராம். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஆசான் எப்படி நிறுத்துவார்?

நான் விழித்தபோது ஆபீஸ் மூடுகிற நேரம். வில்லை இரண்டும் எப்போதோ கழன்று தரையில் கிடந்தன. ஆசான் இடது கைக்கு மாற்றிச் சுற்றிக்கொண்டிருந்தார். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"ஒறங்குனியா மக்கா?"

"ஒறங்கினேன் ஆசானே."

"அப்பம் நிறுத்தட்டா?"

அழுகைதான் வந்தது, நன்றி சொல்ல வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன் ஆசானே, எங்கள் ஆறு பேருக்கும் சோறு போட்டது அந்தக் கைதான்.