முத்திரை வைத்தும் நகர்ந்த பெட்டிகள்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு, அத்தான் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் உங்கள் அக்காவும் நலம். அங்கு நீங்களும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பிக்கை மட்டும் போதாது என்பதால், பதிலில் எழுத்து மூலம் உறுதி செய்யவும். இதை மின்னஞ்சலில் அனுப்பாமல் கையால் எழுதக் காரணம் உண்டு. உறையை ஒட்டிய இடத்தில் என் கையெழுத்து பாதி மூடியிலும் பாதி உறையிலும் இருக்கும். இரண்டும் பொருந்தாவிட்டால் நடுவில் யாரோ பிரித்துப் படித்திருக்கிறார்கள் என்று அறியவும்.

எடை அளவு ஆய்வாளராக முப்பத்தோரு வருடம் கடை கடையாக ஏறி இறங்கியவன் நான், ஓய்வு பெற்ற மறுநாளே சும்மா உட்கார முடியுமா? மளிகைக் கடையில் வாங்கிய பொட்டலங்களை அங்கேயே என் கைத்தராசில் நிறுத்துப் பார்த்தேன். மூன்று கடைக்காரர்கள் இனி நம் வீட்டுக்குச் சாமான் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். விடுமுறைக்கு வந்திருந்த மகளும் மாப்பிள்ளையும் கூடிப் பேசி, என்னை ஓர் ஆன்லைன் வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். தேனீ வளர்ப்பு. "மூணாவது மாடியில தேனீயா? முதல்ல கொட்டு வாங்கப் போறது நான்தான்" என்றாள் உங்கள் அக்கா. இருந்தாலும் பாடம் பாடம்தானே என்று உட்கார்ந்தேன்.

அந்த வகுப்புக்கு ஒரு முகப்புப் பக்கம் இருக்கிறது. அதில் தேர்வு நாட்காட்டி, பாடங்கள், அறிவிப்புகள், கலந்துரையாடல் என்று பெட்டி பெட்டியாக இருக்கும். விட்ஜெட் என்று சொல்ல வேண்டுமாம். நான் பெட்டி என்றே சொல்கிறேன். பென்சில் படத்தை அமுக்கி, பெட்டியைப் பிடித்து இழுத்து, வேண்டிய இடத்தில் வைத்து, 'சேமி' என்று கொடுத்தால் முடிந்தது என்று மகள் காட்டித் தந்தாள். ஒரு முழு மத்தியானம் உட்கார்ந்து அடுக்கினேன். நாட்காட்டி மேலே, பாடங்கள் நடுவே. 'உங்கள் முன்னேற்றம்' என்ற பெட்டியை மட்டும் ஆகக் கீழே தள்ளினேன், ஏன்னா அது நான்கு சதவீதம் என்று காட்டியது. வீட்டில் நாலு பேர் போக வர இருக்கிற இடம், பாருங்கள்.

மறுநாள் காலையில் திறந்தால் முன்னேற்றம் உச்சியில் உட்கார்ந்திருக்கு! நாட்காட்டி கீழே கிடக்கு. சரி, நம்ம கை பட்டிருக்கும்னு மறுபடி மாத்தினேன். மறுநாளும் அதே கதை. அஞ்சு சதவீதம் ஆச்சான்னு நான் பத்துத் தடவை கீழே போய்ப் போய்ப் பாக்குறேன், அது ஆகல. ஆனா பெட்டி மட்டும் விடிஞ்சா மேலே ஏறிடுது. என் சர்வீஸ்ல தராசுத் தட்டுக்கு அடியில காந்தம் ஒட்டினவனை எல்லாம் பிடிச்சிருக்கேன், என்கிட்டயேவா? பெட்டிகள் இருக்கிற இடத்தை ஒரு தாளில் வரைஞ்சு, பக்கத்து வீட்டுப் பல் டாக்டரைக் கூப்பிட்டுச் சாட்சிக் கையெழுத்து வாங்கினேன். "இது எதுக்கு சார்?"னு கேட்டார். "நீங்க பல்லை மட்டும் பாருங்க"ன்னேன். அப்புறம் லேப்டாப்பை அலமாரியில வச்சுப் பூட்டி, கம்பி கோத்து, தராசுக்கு வைக்கிற பழைய ஈய முத்திரையை நசுக்கி வச்சேன்.

காலையில முத்திரை அப்படியே இருக்கு. பெட்டிகள் மாறியிருக்கு.

அப்போ வெளியில இருந்து செஞ்ச வேலை. இந்த வீட்டுல அது தெரிஞ்ச ஆள் யாரு? கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கிற மாப்பிள்ளைதானே! சாப்பாட்டு மேஜையில எல்லார் முன்னாடியும் கேட்டுட்டேன். "மாப்பிள்ளை, மாமனாரோட நாலு சதவீதத்தைப் பாத்துச் சிரிக்கிறதுல உங்களுக்கு என்ன சந்தோஷம்?" அவர் கையைக் கழுவிட்டு அறைக்குள்ள போனார். பையோட ஜிப்பு இழுக்கிற சத்தம் கேட்டுது. மகள் கண்ணெல்லாம் கலங்க, "அப்பா, இனிமே நாங்க இந்த வீட்டுக்கு வரணுமா வேண்டாமா?"ன்னா. ஆனாலும் தப்புத் தப்புத்தானேன்னு விறைப்பா உட்கார்ந்திருந்தேன்.

அப்போதான் உங்க அக்கா சமையலறையில இருந்து ஈரக்கையோட வந்தா.

"நான்தான் மாத்தினேன். போதுமா?"

"நீயா? முத்திரை உடையலையே!"

"என் போன்லயும் அந்த வகுப்பு திறக்கும். அதுல மாத்தினேன்."

"எதுக்கு?"

"நீங்க அடுக்கினது நல்லாவே இல்ல. அதான்."

நேரா அறைக்குள்ள போய், "மாப்பிள்ளை, நான் போட்ட எடை தப்பு, மன்னிச்சுக்கணும்"னேன். நல்ல பிள்ளை. சிரிச்சிட்டார். பையில இருந்த சட்டையை மறுபடி கொக்கியில மாட்டினார். அன்னிக்குச் சாயங்காலம் நாலு பேரும் ஒண்ணா உட்கார்ந்து ராணித் தேனீ பாடம் பாத்தோம். உங்க அக்கா இரண்டு கேள்விகூடக் கேட்டா. பாடத்துல இவ்வளவு ஆசையை மனசுக்குள்ளயே வச்சிருந்திருக்காளேன்னு எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. இனி யாரையும் சந்தேகப்படுறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன்.

ஆகவே இந்த விஷயம் சுபமாக முடிந்தது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். உங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் நீண்ட ஆயுளும் சரியான எடையும் வாய்க்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது வகுப்புக்காரர்களிடமிருந்து வந்த ஒரு பழைய மெயில் கண்ணில் பட்டது. 'நீங்கள் அடிக்கடி பார்க்கும் பெட்டிகள் தினமும் தானாகவே மேலே வரும். வேண்டாமென்றால் அமைப்புகளில் நிறுத்திக்கொள்ளலாம்' என்று எழுதியிருக்கிறது. அப்படியானால் யாருமே மாற்றவில்லை. உங்கள் அக்கா சொன்னது பொய். மச்சான், நீங்கள் பிறந்ததிலிருந்தே அவளை உங்களுக்குத் தெரியும். பால் பொங்கினால் அடுப்பு மேல் தப்பு, பஸ் போய்விட்டால் டிரைவர் மேல் தப்பு. செய்த தப்பையே ஒருநாளும் ஒப்புக்கொள்ளாதவள், செய்யாத தப்பை ஒப்புக்கொள்கிறாள் என்றால் இதைவிடப் பெரியதாக எதையோ மறைக்கிறாள். யாரிடமும் மூச்சு விடாமல் உடனே புறப்பட்டு வரவும்.