அப்பாவின் ஏழு விளக்கும் என் அரை மீசையும்

சுண்ட்ஸ்வால்,
முதல் அட்வென்ட் ஞாயிறுக்கு மறுநாள்

அன்பும் அச்சமும் சரிபாதியாகக் கலந்து குன்வோர் அக்காவுக்குத் தம்பி டோர்கெல் எழுதுவது. இங்கு இங்கேலா நலம், நானும் நலம், என் மீசை மட்டும் பாதி நலம். அங்கு உன் முழங்காலும் அத்தானும் எப்படி?

உட்கார்ந்துகொண்டு படி. அப்பா கையால் மரத்தில் செதுக்கிய, மெழுகுவர்த்தி போல ஏழு பல்பு எரியும் ஜன்னல் விளக்கைப் பிரித்துவிட்டேன். "அதுல கைய வச்சே, கிறிஸ்துமஸுக்கு உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று நீ சொன்னது மறக்கவில்லை. ஆனால் ஒயரின் ரப்பர் உதிர்ந்து செம்பு பல்லைக் காட்டியது. காய்ந்த மரத்துக்குள் வீட்டு மின்சாரம் அம்மணமாக ஓடினால் ஏழு சுடரோடு நிற்குமா? அதனால் பழைய ஒயரை வீசிவிட்டு, போன் சார்ஜரில் எரியும் குட்டி எல்.இ.டி. போட இறங்கினேன்.

நம் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் வாரங்கள் என்றாலே ஒரு பல்பு லூசாகி ஏழும் அணைய, அப்பா ஒவ்வொன்றாகத் திருகியபடி பைபிளில் இல்லாத வார்த்தைகளை உச்சரிப்பதுதானே. அந்தப் பரம்பரைப் புத்தியில் ஏழு எல்.இ.டி.யையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தேன், சார்ஜரின் ஐந்து வோல்ட் ஏழு பேருக்குப் பந்தி வைக்கப் போதாமல் ஒன்றுகூட கண் திறக்கவில்லை, சரியென்று ஏழையும் பக்கம்பக்கமாக நேரே சார்ஜரில் இணைத்தேன், சூரியனே உதித்துவிட்டது அக்கா, நான் தும்மி முடிப்பதற்குள் ஏழும் கறுத்துப்போயின.

முதல் அட்வென்ட் ஞாயிறு மாலை ஊரே ஜன்னலில் விளக்கேற்ற, தெருவில் எங்கள் ஜன்னல் மட்டும் இருட்டு. எதிர்வீட்டு மாய்-பிரிட் கதவைத் தட்டினாள்.

"ஏம்மா, வீட்ல யாராவது போயிட்டாங்களா?"

"இன்னும் போகல," என்றாள் இங்கேலா. "ஸ்குரூடிரைவரோட உக்காந்திருக்காரு."

பிறகு மிச்சமிருந்த எல்.இ.டி. பொட்டலத்தைத் திருப்பி எனக்கு வாசித்துக் காட்டினாள். ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் ஒரு ரெசிஸ்டர் தனியாகப் போட வேண்டுமாம். அதுதான் மின்சாரத்தை அளந்து ஊட்டுமாம். எல்.இ.டி.யின் இரண்டு கம்பிக் கால்களில் நீளமானது பிளஸ்ஸுக்காம். "படிக்கத் தெரிஞ்ச மனுஷன்னுதான் கட்டிக்கிட்டேன்," என்றாள். ரெசிஸ்டரின் வண்ணக் கோடுகளைக் குனிந்து பார்த்தபோதுதான் கையிலிருந்த சூடான சால்டரிங் கம்பி மீசையைத் தீண்டிப் பொசுக்கியது.

இப்போது ஏழும் சாந்தமாக எரிகின்றன. தொட்டால் சுடவில்லை, ஷாக்கும் இல்லை. மரத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை, அப்பா மேல் ஆணை. கோபத்தை இறக்கிவைத்துவிட்டுக் கிறிஸ்துமஸுக்கு வா அக்கா. நீ இல்லாவிட்டால் ஹெர்ரிங் மீன் ஊறுகாயைக் குறை சொல்ல ஆளில்லை.

அத்தானுக்கு என் வணக்கம், பூனைக்கு ஒரு தடவல். எல்லோரும் நல்லா இருங்க.

தம்பி டோர்கெல்

பின்குறிப்பு: அடிக்கட்டையில் ஒட்டியிருந்த பச்சைத் துணியை உரித்தபோது, அப்பா தன் பெயரைப் பொறித்திருப்பார் என்று ஆசையாகத் தேடினேன். சூடு போட்ட முத்திரை ஒன்றுதான் இருந்தது: கிழக்கு ஜெர்மனித் தயாரிப்பு, இரண்டாம் தரம்.