குதிரைக்கு எதற்குக் கல்லூரி?

பெருமதிப்பிற்குரிய வெர்லின் பெரியப்பா அவர்களுக்கு, டெல்லா எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் விலா எலும்புகளும், ஒன்றைத் தவிர, நலம். அங்கு தாங்களும் மாடுகளும் தங்கள் கோபமும் நலம்தானே?

நன்றி நவிலும் நாள் விருந்தன்று வான்கோழியை வெட்டிக்கொண்டே, "குதிரை பழக்கக் காலேஜாடி? குதிரை எந்தக் காலேஜ்ல படிச்சுது?" என்று கேட்டீர்களே, அதை நான் மறக்கவில்லை. இப்போது படிப்பை விட்டுவிட்டு வரச் சொல்லி எழுதியிருக்கிறீர்கள். வர மாட்டேன்.

நான் விழுந்த செய்தி அதற்குள் வயோமிங் முழுக்கப் பரவிவிட்டதாம். பரவட்டும், ஆனால் விழுந்தது உங்களால்தான்! குளிர்காலம் பூராவும் கல்லூரியில் எனக்குக் கொடுத்த செம்பழுப்புப் பெண்குதிரையைப் பாடப்படி இடப்பக்கம் நின்றே பழக்கிவிட்டு, வகுப்பே வேலியில் உட்கார்ந்து பார்க்க, முதன்முதலாக ஏறும்போது பதற்றத்தில் வீட்டுப் பழக்கம் வந்துவிட்டது. வலப்பக்கம் போய் ஏறினேன். உலகமே இடது காலை மடக்கி வைத்து இடப்பக்கம் ஏறும். மாடு முட்டி இடது முழங்கால் மடங்காமல் போன நீங்கள் ஒருவர்தான் வலப்பக்கம். குதிரைக்கு ஒரு கண் கற்றது மறு கண்ணுக்குத் தெரியாதே! மிரண்டு துள்ளியது, நான் தண்ணீர்த் தொட்டிக்குள் கிடந்தேன். "எந்தப் புண்ணியவான்டி இப்படி ஏறச் சொல்லிக் கொடுத்தது?" என்றார் ஆஸ்பி டீச்சர். "எங்க பெரியப்பா." "அவரையும் இங்க சேர்த்துவிடு!"

வணிக வகுப்பில் பண்ணை நடத்தத் தெரியாதவருக்கு உதாரணம் கேட்டார்கள். செத்துப்போன குதிரைக்கு வைக்கோல் மாற்றுகிறவர் என்று உங்களைத்தான் சொன்னேன். முழு மதிப்பெண்! டியூக் செத்து ஒரு வருஷமாச்சு, இன்னும் அதோட கொட்டடியைப் பெருக்குறீங்க, வேற குதிரை வாங்கலாம்னா மட்டும் "என் சவாரி முடிஞ்சுபோச்சு"ன்னு கத்துறீங்க. அப்ப அந்த நாலு சக்கர வண்டியிலயே மாட்டை விரட்டிக்கிட்டு அலையுங்க, எனக்கென்ன!

பழக்கிய குதிரையைக் கல்லூரி ஏலத்தில் விற்பதுதான் இறுதித் தேர்வு. தாங்கள் வந்துவிட வேண்டாம். வந்து நின்னு "பல்லைக் காட்டு, காலைத் தூக்கு"ன்னு சத்தம் போட்டு என் மானத்தை வாங்க வேண்டாம். அவள் நல்ல ஆளிடம்தான் போவாள். உங்க தயவு தேவையில்லை.

பெரியம்மாவுக்கு முத்தங்கள். தங்களுக்கு மரியாதை மட்டும்.

இப்படிக்கு,
படிப்பை விடாத,
டெல்லா ஹாகன்

பி.கு.: ஏலம் சனிக்கிழமை மதியம். தினமும் வகுப்பு முடிந்த பிறகு அவளை வலப்பக்கமும் பழக்கியிருக்கிறேன். இப்போது அந்தப் பக்கம் ஏறினாலும் அசையாமல் நிற்கிறாள். "அந்தப் பக்கம் எவன் ஏறப் போறான்?" என்று டீச்சர் கேட்டார். முன்வரிசையில் வந்து உட்காருங்கள், பெரியப்பா.