பக்கத்து சீட்டில் யாரும் உட்காரக் கூடாது

"அண்ணி, இறங்குங்க! முதல்ல அந்த சீட்டை விட்டு இறங்குங்க! வெடிக்கப் போகுது!"

வெல்டரின் மனைவி கையில் போனோடு வாசற்படியில் நின்று போட்ட கூச்சலில், எதிர்வீட்டு நாய்கூட எழுந்து நின்றது. காரின் முன் சீட்டில் சாவகாசமாக உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டி, ஜன்னலைத் தனக்குத் தோதாக இறக்கிவிட்டிருந்த வெல்டரின் அக்கா மட்டும் அசையவில்லை.

"எது வெடிக்கப் போகுது? உன் வாயா?"

"கார் கம்பெனியிலேர்ந்து பேசினாங்க அண்ணி. உங்களுக்கு எதிர்ல இருக்கிற ஏர்பேக்குல கோளாறாம். வண்டி எங்கயாவது மோதினா, பை விரியறதுக்குப் பதிலா உள்ள இருக்கிற இரும்பு டப்பா சிதறி மூஞ்சியில அடிக்குமாம். இந்த வருசத்து வண்டி எல்லாத்தையும் திரும்பக் கூப்பிட்டு சும்மாவே மாத்திக் குடுக்கிறாங்களாம்."

ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்த வெல்டர் சாவியைத் திருகி வண்டியை அணைத்தார். அடைபட்ட காற்றும் இரும்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டறையில் ஒரு வெறும் டிரம் வெடித்து, கூரைத் தகடு அடுத்த தெருவில் போய் விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர். தட்டுத்தடுமாறி இறங்கி, வண்டியைச் சுற்றி ஓடி, கதவைத் திறந்து, அக்காவின் கையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார்.

அக்கா ஊரிலிருந்து வந்திருந்ததே அந்தக் கைக்காகத்தான். தோள்பட்டை பிடித்துக்கொண்டு கை மேலே ஏறவில்லை. தினமும் ஆஸ்பத்திரியில் பயிற்சி.

"படுபாவி! வெடிச்சிருந்தாக்கூட இவ்வளவு வலிச்சிருக்காதுடா!"

அன்று தோளைத் தொட்டுப் பார்த்த பயிற்சிக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "நாளையோட முடிச்சு அனுப்பலாம்னு இருந்தேன். யாரு இப்படிப் பிடிச்சு இழுத்தது? இன்னும் கொஞ்ச நாள் வரணும்."

அக்கா இன்னும் கொஞ்ச நாள் இருக்கப் போகிறாள் என்றதும் மனைவியின் முகம் விழுந்துவிட்டது. அக்கா வந்த நாளிலிருந்து முன் சீட்டு அக்காவுக்கு. மனைவி சோற்று டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் முடங்கி, வழியில் இருக்கும் தையல் கடையில் வேலைக்கு இறங்கிக்கொள்வாள்.

இப்போது இரண்டு பேரும் பின் சீட்டில். முன்னால் இருந்தவரை கையைக் காட்டி வழி சொன்ன அக்கா, பின்னால் போனதும் தம்பியின் காதுக்குள்ளேயே வாயை வைத்துவிட்டாள்.

"மெதுவா... மெதுவாடா... இப்பத் திரும்பு... பிரேக்கை மிதி!"

"அவருக்குத் தெரியும் அண்ணி."

"அவனுக்கு நடக்கக் கத்துக்குடுத்ததே நான்தான்மா."

"அதான் இன்னும் தடுமாறுறாரு."

வெல்டர் திரும்ப வேண்டிய தெருவை விட்டுவிட்டு எங்கேயோ போய்ச் சுற்றி வந்தார். ஒரு காதில் அக்கா, மறு காதில் மனைவி. பட்டறைச் சத்தமே தேவலை என்று இருந்தது.

"அந்தக் கம்பெனி நம்பரைக் குடு. நானே பேசி நாளைக்கே வண்டியை விட்டுர்றேன்" என்றார்.

பட்டறையில் போன் அடித்தால் காதில் விழாது என்று, எல்லா இடத்திலும் மனைவியின் நம்பரைத்தான் கொடுத்து வைத்திருந்தார்.

"அங்க ஒரே கூட்டமாம். தேதி வந்தா அவங்களே சொல்லுவாங்க. நான் பாத்துக்கிறேன், நீங்க ரோட்டைப் பாருங்க" என்றாள் மனைவி. "அப்புறம், மெதுவாப் போங்க. எதுலயும் இடிச்சிராதீங்க."

எந்த வியாதிக்கும் வெல்டருக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். பட்டறையில் கனமான தகடு ஒன்றை வெட்டி, வளைத்து, பக்கத்து சீட்டுக்கு எதிரே போல்ட் போட்டு முறுக்கினார்.

"இனிமே வெடிச்சாலும் தகடு வாங்கிக்கும். அக்கா, நீ பழையபடி முன்னாடியே வா."

மனைவி பதறிப்போனாள். "ஐயய்யோ! தகடே பிச்சுக்கிட்டு வந்து அடிச்சா?"

வெல்டருக்குப் பட்டறையில் வெடித்தது ஞாபகம் வந்தது. அந்த டிரம்மும் தகடுதானே! அக்கா பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.

கழற்ற நேரமில்லாமல் தகட்டோடேயே கிளம்பினார்கள். கடைத்தெரு முனையில் வண்டி திரும்பியதும், வெயில் தகட்டில் பட்டுத் தெறித்து நேரே அவர் கண்ணில் அடித்தது. வெல்டிங் கண்ணாடி இல்லாமல் நெருப்பைப் பார்த்த மாதிரி இருந்தது. வண்டி நடைபாதையில் ஏறிக் குப்பைத் தொட்டியை லேசாக முட்டி நின்றது.

"வெடிச்சிருச்சு!" என்று அலறி அக்கா சோற்று டப்பாவின் மேல் கவிழ்ந்தாள்.

தகடுதான் கழன்று விழுந்திருந்தது. மனைவியோ தகட்டைப் பார்க்கவே இல்லை. பின்னாலிருந்து பாய்ந்து அவர் முகத்தையும் மார்பையும் தடவித் தடவிப் பார்த்தாள். "உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே? ஒண்ணும் ஆகலையே?" என்று ஓவென்று அழுதாள். இத்தனை வருடக் குடித்தனத்தில் அவள் தனக்காக இப்படி அழுது வெல்டர் பார்த்ததில்லை.

போலீஸ்காரர் வந்து ஜன்னலுக்குள் தலையை விட்டார். "என்னய்யா இது? முன்னாடி இரும்புத் தகடு, பின்னாடி ரெண்டு பொம்பளைங்க அழுவுறாங்க. கடத்திட்டுப் போறியா?"

"சொந்த அக்கா சார்! சொந்தப் பொண்டாட்டி சார்!"

வெல்டர் விஷயத்தைச் சொல்லச் சொல்ல, போலீஸ்காரர் தலையை மெல்ல வெளியே எடுத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தார். "கிளம்பு, கிளம்பு. என் ஏரியாவுல வெடிக்கக் கூடாது!"

"தோள் போனாப் போகட்டும், உசிரு மிஞ்சினாப் போதும்" என்று அக்கா அன்று சாயங்காலமே பஸ் ஏறினாள்.

பஸ் கண்ணுக்கு மறைவதற்குள் மனைவி போனை எடுத்துவிட்டாள். மறுநாள் காலையில், "சர்வீஸ்ல இன்னைக்கே வரச் சொல்லிட்டாங்க. பஸ்ஸுலயே போயிரலாமே, வண்டியை அவங்க வந்து எடுத்துக்கட்டும்" என்றாள்.

"கூறு இருக்கா உனக்கு? நானிருக்கும்போது எவனோ வந்து எடுக்கிறதா? நீ பின்னாடி ஏறு. எனக்கு நீதான் முக்கியம்" என்றார் வெல்டர். மனைவி தலையைக் குனிந்துகொண்டு ஏறினாள்.

சர்வீஸ் கூடத்தின் வரவேற்பில் இருந்த பெண் வண்டி நம்பரைத் தட்டிக்கொண்டே கேட்டாள். "டயர்ல காத்து எப்ப சார் பாத்தீங்க? ஆயில் மாத்தினது எப்ப?"

"ஓடுற வண்டியை எதுக்கும்மா தொந்தரவு பண்ணணும்?"

"தொந்தரவு வர்றதுக்கு முன்னாடி பாக்கணும் சார். கம்பெனி கூப்பிடுற வரைக்கும் காத்திருக்கக் கூடாது."

"மத்ததெல்லாம் ஜாக்கிரதைதாம்மா. இத்தனை நாளா நானேதான் ஓட்டினேன். அந்தப் பக்கத்து சீட்டுல ஒரு ஈயைக்கூட உக்கார விடலையே!"

தட்டிக்கொண்டிருந்த விரல்கள் அப்படியே நின்றன. அந்தப் பெண் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அவர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி நின்ற மனைவியை எட்டிப் பார்த்தாள்.

"மேடம், பக்கத்து சீட்டுல ஒண்ணும் இல்ல, ஸ்டீயரிங்ல இருக்கிறதுதான் வெடிக்கும், யாரும் ஓட்டாதீங்க, நாங்களே வந்து தூக்கிட்டுப் போறோம்னு அன்னிக்கே சொன்னேனே... நீங்கதானே, 'என் நாத்தனார் ஊருக்குக் கிளம்பட்டும், அதுவரைக்கும் அவரு ஓட்டிக்கிட்டு இருக்கட்டும்'னீங்க?"