தாய்க்கிளையில் இணைந்த இசைக்கவை

நாதகிரி என்றொரு நாடு. அங்கே எல்லாம் ஓர் இசைக்கவையின்படிதான் நடந்தது. ஒரு காம்பு, அதிலிருந்து பிரியும் இரண்டு எஃகுக் கிளைகள். தட்டினால் இரண்டும் எதிரெதிராக அசையும். விலகும், நெருங்கும், சுருதி பிறக்கும். தட்டுவது சேவகனோ சேனாதிபதியோ, சுருதி மட்டும் மாறாது. கோயில் நாயனம் முதல் பால்காரர் மணி வரை அதற்கு ஒத்தே ஒலித்தன.

அதைக் காத்தவர் கோமதிநாயகம். பாவம், நல்ல காது உள்ள மனிதர். புதிய மன்னருக்கோ பாடும் ஆசை நிறைய, சுருதிதான் கிடையாது.

"கவை நமக்கு ஒத்துவரவில்லை. பிறந்தநாள் விழாவுக்குள் ஒத்துவராவிட்டால் உம் நாக்கு உமக்கில்லை" என்றார் மன்னர்.

சபை மேசையைத் தட்டி வரவேற்றது. சபைக்குத் தெரிந்த ஒரே வாத்தியம் அதுதான்.

கவையைச் சம்மட்டியால் அடிக்க முதல் ஆணை பிறந்தது.

"ஐயா, ஓங்கி அடிச்சா சத்தந்தான் கூடும், சுருதி நகராது" என்றார் கோமதிநாயகம். கேட்பாரில்லை. அரண்மனைத் தெருவில் பாதிப் பேருக்குக் காது போனது. அவர்கள் யாரும் மன்னரின் பாட்டைக் குறை சொல்லாததால் ஆணை மகத்தான வெற்றி என்று அறிவித்தார்கள். மீதிப் பேர் காதில் பஞ்சு வைக்க இரண்டாம் ஆணை வந்தது.

அமைச்சர் வாகீசர்தான் குற்றவாளியைப் பிடித்தார். "மன்னா! ஒரு கிளை எப்போதும் மற்றதற்கு எதிர்த்திசையிலேயே போகிறது. அப்பட்டமான எதிர்ப்பு!"

"எதிர்த்து அசைஞ்சாத்தான்யா சத்தமே நெலைக்கும்" என்று கெஞ்சினார் கோமதிநாயகம். "ஒண்ணு போனா கைக்குள்ளயே செத்துரும்."

"நாட்டுக்கு ஒரே கிளை போதும்!" என்றார் மன்னர்.

மேசைகள் அதிர்ந்தன.

எதிர்த்த கிளையை வெட்டவில்லை, நாதகிரி நாகரிகமான நாடு. அதற்குப் பொன்னாடை போர்த்தி, வாரியத் தலைவர் பதவி கொடுத்து, வளைத்து மற்றக் கிளையோடு பற்றவைத்தார்கள். தாய்க்கிளையில் இணைந்துவிட்டதாக முரசறைந்தார்கள்.

விழா நாளில் கோமதிநாயகம் கவையைத் தட்டினார்.

"டொக்."

நாக்கு போயிற்று என்று கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் சபைக்கு அந்த ஓசை நன்றாகப் பழக்கம். யாரோ மேசையைத் தட்டுகிறார்கள் என்று எண்ணி எல்லோரும் தட்டினார்கள். "இதுவே நம் சுருதி!" என்று மன்னர் பூரித்தார். அன்றே அது நாட்டுப் பண்ணும் ஆனது. ஒரே சொல், டொக். எல்லோருக்கும் உடனே மனப்பாடம்.

நாக்கு பிழைத்த கோமதிநாயகம் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பிடித்த பாட்டு ஒன்றை முனகிப் பார்த்தார். ஒத்துப் பார்க்கப் பழைய கவை இல்லாமல், சுருதி சேர்ந்ததா, விலகியதா என்று அவருக்கே தெரியவில்லை.

"ஏளா, சரியா இருக்கான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லு" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

அவள் திரும்பவில்லை. ஆணைப்படி அவள் காதில் பஞ்சு இருந்தது.