நான் அழைத்த இருநூறு ஆடுகள்

ஒரு மொழியில் பத்து வார்த்தை தெரிந்தவனைப் போல ஆபத்தானவன் உலகத்தில் கிடையாது. எதுவுமே தெரியாதவன் வாயைத் திறக்க மாட்டான். எல்லாம் தெரிந்தவன் யோசித்துப் பேசுவான். இடையில் நிற்பவன்தான் காரியத்தைக் கெடுப்பான். தொண்ணூறுகளின் கடைசியில், புனேயில், நான் சரியாக அந்த இடையில் நின்றுகொண்டிருந்தேன்.

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து நிலப் பாதுகாப்பு எம்.எஸ்ஸி. படிக்கப் போயிருந்தேன். (“மண்ணு அது பாட்டுக்குக் கெடக்குது, அதைப் பாதுகாக்க ரெண்டு வருசமா?” என்றார் அப்பா.) தங்கல் ஆகுர்டியில், சித்தப்பா வீட்டில். மராத்தியில் என் முதல் வார்த்தையைச் சித்திதான் கொடுத்தாள். “வேண்டாம்னா நக்கோ. அது ஒண்ணு போதும் கண்ணு, பொழைச்சுக்கலாம்.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் ஆராய்ச்சி மாணவன் ஆயிற்றே! ஒருநாள் வகுப்பில் ஒருவன் அறிக்கை சமர்ப்பிக்க இன்னும் இரண்டு நாள் கேட்டுக் கெஞ்சினான். எங்கள் பேராசிரியை தலையைப் பலமாக ஆட்டி, மேசையில் ஓங்கித் தட்டி, “உத்யா! நக்கி!” என்றார். உத்யா என்றால் நாளை, அது தெரியும். நக்கி? (தமிழில் அதற்கு என்ன அர்த்தம் என்பதைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள்.) நக்கோ என்றால் வேண்டாம், ஆகவே நக்கி என்றால் கூடவே கூடாது என்று முடிவு செய்தேன். யாரிடமும் கேட்கவில்லை.

எங்கள் துறை, முல்ஷிப் பக்கம் ஒரு கிராமத்துக் குன்றில் கொஞ்சம் நிலத்தை இரண்டு வருடமாக மேய்ச்சல் இல்லாமல் காத்துவந்தது. வேலி கிடையாது, ஊர்க்காரர்களின் வாக்குத்தான் வேலி. புல் இடுப்புவரை வளர்ந்திருந்தது. அதை அளப்பதுதான் என் புராஜெக்ட். மறுநாள் அதைச் சரிபார்க்க வெளியிலிருந்து தேர்வாளர், எக்ஸ்டர்னல், வருகிறார் என்ற நிலை. எங்கள் குழுவில் மராத்தி பேசும் பிரசாத்துக்கோ மஞ்சள் காமாலை.

“நீ போய் நாளைக்கு ஒரு ஆடுகூட மேலே வரக் கூடாதுன்னு ஞாபகப்படுத்திட்டு வா. பேசிடுவியா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார் எங்கள் பேராசிரியை மேடம்.

“நிச்சயமா, மேடம்.”

ஊர் மாருதி கோயில் முன்னால் பத்துப் பதினைந்து பேர் கூடினார்கள். முன்வரிசையில் ஹௌசாபாய். அந்த ஊரிலேயே அதிக ஆடு வைத்திருந்தவர்; அவர் சொன்னால்தான் மற்றவர்கள் கேட்பார்கள். எனக்கு வினைச்சொல் வராது. பெயர்ச்சொற்களை அடுக்கி, கடைசியில் மேடத்தைப் போலவே உள்ளங்கையில் ஓங்கித் தட்டினேன்.

“உத்யா பாஹுணே. டெக்டிவர் ஷேள்யா... நக்கி!”

நாளைக்கு விருந்தாளி. குன்றின் மேல் ஆடு. கூடவே கூடாது!

ஹௌசாபாயின் கண்கள் விரிந்தன. “நக்கி?”

“நக்கி!”

“சகள்யா?” எல்லா ஆடுமா என்று கேட்கிறார்.

“சகள்யா! நக்கி, நக்கி!”

கூட்டத்தில் ஒரு சந்தோஷ முணுமுணுப்பு. ஒரு கிழவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஹௌசாபாய் பால் அதிகம் விட்டு டீ போட்டுக் கொடுத்தார். இவ்வளவு கட்டுப்பாடான ஜனங்களா என்று பஸ்ஸில் வரும்போது நெஞ்சு விம்மியது.

மறுநாள் காலை எக்ஸ்டர்னல் ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைப் புல்லில் வைத்து, உள்ளே என்னென்ன புல் என்று எழுதக் குனிந்தபோது மணிச்சத்தம் கேட்டது. திரும்பினேன். குன்று ஏறி வந்துகொண்டிருந்தது. ஆடு. இருநூறுக்குக் குறையாது. ஹௌசாபாய் பக்கத்து ஊர்ச் சொந்தக்காரர்களுக்கும் சொல்லி அனுப்பியிருந்தார். விருந்தாளி வருகிறார் என்பதால் நெற்றியில் குங்குமம். சிலவற்றின் கழுத்தில் சாமந்தி மாலை. அதைப் பின்னால் வந்த ஆடு தின்றுகொண்டே வந்தது.

நான் கைகளை விரித்துக்கொண்டு குறுக்கே ஓடினேன். “நக்கி! நக்கி!”

“ஹோ சாஹேப், நக்கி!” என்று பதிலுக்குக் கூவி, பின்தங்கிய ஆடுகளையும் தட்டி விரட்டினார்கள். நான் கத்தக் கத்த ஆடு கூடியது. தொண்டை கட்டும்வரை வரவேற்றேன்.

எக்ஸ்டர்னலின் சட்டத்துக்குள் புல் இருந்த இடத்தில் இப்போது ஒரு வெள்ளாடு நின்றது. அவர் பேனாவைத் திறந்து, “இந்தச் சதுரத்தில் என்ன இனம் என்று எழுதட்டும்?” என்றார்.

மேடம் ஹௌசாபாயிடம் ஏதோ கேட்டார். அவர் பெருமையாக என்னைக் காட்டினார். மேடம் என் பக்கம் திரும்பினார்.

“நக்கின்னா என்ன அர்த்தம்னு நினைச்சே?”

சொன்னேன்.

“நக்கின்னா கண்டிப்பா. நாளைக்கு எல்லா ஆட்டையும் கண்டிப்பா கொண்டாங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கே.”

திட்டியிருந்தால் தேவலை. அவர் ஒரு பாறையில் உட்கார்ந்து, இரண்டு வருட உழைப்பு மெல்லப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்படியே அந்தப் புல்லுக்குள் ஒளிந்துகொள்ளத் தோன்றியது. ஒளியும் அளவுக்குப் புல் மிச்சமில்லை.

விஷயம் புரிந்ததும் ஹௌசாபாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு மேடத்தின் முகத்தைப் பார்த்துச் சட்டென்று நிறுத்தினார். நாக்கால் ஒரு சத்தம் கொடுத்தார். பத்தே நிமிடத்தில் குன்று காலி. இன்னொரு வருடம் ஊரே ஆட்டை ஏற்றாது என்று அங்கேயே வாக்குக் கொடுத்தார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தார். அந்த ஒரு வருடம் நானும் கூடுதலாகப் படித்தேன். வாராவாரம் போய்ப் புல் அளந்தேன். ஒவ்வொரு முறையும் பால் அதிகம் விட்ட டீ குடித்தேன்.

சில வருடம் கழித்து, அதே புனேயில் ஔந்தில் எனக்குக் கல்யாணம். பெண், புனேயிலேயே வளர்ந்த தமிழ்ப் பெண். ரிசப்ஷன் வரிசையில், பட்டுப்புடவைகளுக்கு நடுவே, ஹௌசாபாய் ஒரு ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு மேடையேறினார். எனக்கு ஆடு என்றால் உயிர் என்று அவர் ஊரில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்களாம். குட்டி என் கையில் வந்ததும் மாலையைக் கடித்தது. வீடியோக்காரர் விளக்கைக் கிட்டே கொண்டுவந்தார்.

வங்கி அதிகாரியான என் மாமனார் மெதுவாக என் காதருகே குனிந்தார். “மாப்ளே, இவங்க உங்க பக்கமா, எங்க பக்கமா?”

நான் வாயைத் திறப்பதற்குள் சித்தி முந்திக்கொண்டாள். “எங்க பக்கந்தானுங்க.”

இப்போதும் வீட்டில் ஏதாவது விசேஷத்துக்குச் சாப்பாடு சொல்ல உட்கார்ந்தால், “உங்க பக்கம் எத்தனை பேருங்க?” என்று மனைவி கேட்பாள். நான் விரல் விட்டு எண்ண ஆரம்பிப்பேன். என் மகள் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்பாள்:

“ரெண்டு காலாப்பா, நாலு காலா?”