பெரிய பேட்டரியும் சின்ன பேட்டரியும்

இரண்டாயிரத்தெட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் பெண்டாட்டி வரலட்சுமியைத் தோற்கடித்தே தீருவதென்று சபதம் எடுத்திருந்தேன்.

நாங்கள் இருவரும் விம்கோ நகர் வீடுகளுக்குப் போய் திரைச்சீலைக் கம்பி, அலமாரி எல்லாம் மாட்டிக் கொடுப்போம். ஒயர் இல்லாத டிரில் ஒன்று. அதற்குப் பெரிய பேட்டரி ஒன்று, சின்னது ஒன்று. பெரியது ரொம்ப நேரம் உழைக்கும், ஆனால் செங்கல் கனம். சின்னது சீக்கிரம் தீரும், கை வலிக்காது. ஸ்டூலில் ஏறினால் எனக்குத் தலை சுற்றும். அதனால் மேலே ஓட்டை போடுவது அவள். கீழே நின்று யோசனை சொல்வது நான்.

மூன்றாவதாக ஒரு பேட்டரி வாங்கவேண்டி வந்தது. தோள் கழன்று போகிறது, சின்னதே வாங்கு என்றாள். பெரியதுதான் என்றேன். ஞாயிறு காலை ஒரு பலகையில் இரண்டையும் ஓட்டிப் பார்த்து முடிவெடுப்பதாகப் பேச்சு.

சனிக்கிழமை சாயங்காலம் அவளுக்குத் தெரியாமல் சின்னதை ஓட்டியே காலி செய்தேன். அடுத்து, எவ்வளவு நேரம் தாங்குமென்று பெரியதையும் ஓட்டிப் பார்த்தேன். அது தீர்ந்ததும் சார்ஜரில் சொருகிவிட்டு டீ குடிக்கப் போனேன். எங்கள் சார்ஜரில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஏறும்.

ஞாயிறு பலகையை எடுக்கும்போதே பக்கத்து வூட்டு ஃப்ளோரா ஓடி வந்தாள். அவள் அம்மா ஞானபாக்கியம் குளியலறையில் விழுந்துவிட்டாராம். உள்ளே தாழ்ப்பாள். அவருக்கு இழுப்பு நோய், ஆஸ்துமா. வாயில் வைத்து உறிஞ்சும் மருந்து வெளியே இருந்தது. கதவை உதைக்கவும் வழியில்லை, கிழவி அதிலேயே சாய்ந்து கிடந்தார். தெருவில் கரண்ட்டும் இல்லை.

தாழ்ப்பாளைச் சுற்றி வட்டமாக ஓட்டை போட்டு, மரத்தைத் தட்டி எடுத்து, கையை விட்டுத் திறக்கலாம். அது கிழவியின் தலைக்கு ஒரு முழம் மேலே. பெரிய பேட்டரியை மாட்டினேன். இதெல்லாம் ஆம்பளை வேலை என்று ஃப்ளோராவிடம் சொல்லவும் செய்தேன்.

ஒன்று. இரண்டு. மூன்றாவது ஓட்டையில் டிரில் முனகி நின்றது.

உள்ளே மூச்சு விசில் மாதிரி இழுத்தது. ஃப்ளோரா கதவில் கன்னத்தை வைத்து அம்மாவைக் கூப்பிட்டாள். பதில் வரவில்லை. பேட்டரியைக் கழற்றி மாட்டினேன், தட்டினேன், ஊதினேன். அது அசையவில்லை.

வரலட்சுமி முந்தானையிலிருந்து சின்னதை எடுத்தாள்.

"நவுறுய்யா."

ஒன்பது ஓட்டை போட்டாள். ஒருமுறைகூட நிற்கவில்லை. மரத்தட்டு உள்ளே விழுந்தது. கையை விட்டுத் தாழ்ப்பாளை நீக்கி, கதவை மெல்லத் தள்ளிக்கொண்டு ஃப்ளோரா உள்ளே நுழைந்தாள். மருந்தை உறிஞ்சியதும் கிழவிக்கு நிறம் திரும்பியது. எனக்கும்தான்.

நிம்மதியில் மனிதனுக்கு வாய் நிற்காது.

"அதெப்டி ஓடுச்சு? சின்னதுல சார்ஜே இல்லியே" என்றேன்.

வரலட்சுமி டிரில்லை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினாள். நான் டீக்கடைக்குப் போன பிறகு சார்ஜரில் இருந்த பெரியதை எடுத்துவிட்டுச் சின்னதைச் சொருகியதாக அமைதியாகச் சொன்னாள். அப்புறம்தான் கேட்டாள்:

"சின்னதுல சார்ஜ் இல்லன்னு உனுக்கு எப்டிய்யா தெரியும்?"

கிழவி மருந்தை வாயிலிருந்து எடுத்துவிட்டு, பதிலுக்காக என்னைப் பார்த்தார்.

திங்கட்கிழமை இன்னொரு சின்ன பேட்டரி வாங்கினோம். பெரியதைச் சுமந்துகொண்டு அவள் பின்னால் நடப்பது என் வேலை.